சுவரை விட்டு விலகும் ஏணி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பி.எம். 85196 என்று எண்ணிடப்பட்ட களிமண் பலகை ஒன்று இருக்கிறது. பழைய பாபிலோனியக் காலத்தைச் சேர்ந்தது. வயது ஏறத்தாழ 3,600 ஆண்டுகள். ஆப்பு வடிவ எழுத்துகளில் வரிசையாகக் கணக்குகள் பதிந்த அந்தப் பலகையில் ஒரு கணக்கு இப்படிப் போகிறது: 30 அலகு நீளமுள்ள மரம் ஒன்று சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது. அதன் மேல்நுனி 6 அலகு கீழே இறங்கினால் அடிநுனி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கும்?

விடை 18. மேல்நுனி இப்போது 24 அலகு உயரத்தில் இருக்கிறது. 24, 18, 30 மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். பித்தாகரஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே பாபிலோனியாவில் எழுத்துப் பயின்ற பிள்ளைகள் இதைப் போட்டிருக்கிறார்கள். அன்று சுவரில் சாய்ந்த மரம் இன்று வரை கணக்குப் புத்தகங்களை விட்டு இறங்கவில்லை. மரம் ஏணியானது. கேள்விதான் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கடினமாகிக்கொண்டே வந்தது.

பாபிலோனியர் கேட்டது ‘எங்கே?’ என்ற கேள்வி. நுண்கணிதம் வந்தபின் ‘எவ்வளவு வேகம்?’ என்ற கேள்வி சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் 17 மீட்டர் ஏணி ஒன்று இருக்கிறது. அதன் அடியை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சுவரிலிருந்து இழுக்கிறார்கள்; அடி 8 மீட்டர் தள்ளி இருக்கும் கணத்தில் மேல்நுனி எந்த வேகத்தில் இறங்குகிறது என்பது கேள்வி. பித்தாகரஸ் சமன்பாட்டை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் ஒரே வரியில் விடை வந்துவிடுகிறது: அடியின் வேகத்தை, சுவரிலிருந்து அடி இருக்கும் தூரத்தால் பெருக்கி, மேல்நுனியின் உயரத்தால் வகுக்க வேண்டும். ஐந்தை எட்டால் பெருக்கிப் பதினைந்தால் வகுத்தால் வினாடிக்கு 2.67 மீட்டர். உலகெங்கும் கல்லூரி முதலாண்டு நுண்கணிதப் புத்தகங்களில் இதே கணக்கு வேறு வேறு எண்களோடு இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

போகாமல் அங்கேயே நிற்கிற மாணவருக்கு ஒரு விபரீதம் தட்டுப்படும்.

கையால் போட்டுப் பார்க்க 5 மீட்டர் ஏணி வசதி. அடியை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சீராக இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். அடி 3 மீட்டரில் இருக்கும்போது மேல்நுனியின் வேகம் 0.75 மீட்டர். 4 மீட்டரில் 1.33. அடி 4.9 மீட்டருக்கு வரும்போது 4.9. அடி 4.99 மீட்டரில் 15.8. அடி 4.9999 மீட்டரை எட்டும்போது வினாடிக்கு 158 மீட்டர். சூத்திரத்தின் கீழே, வகுக்கும் இடத்தில், உயரம் இருக்கிறது. உயரம் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வேகம் எல்லையில்லாமல் ஏறுகிறது. தரைக்கு மேல் சுமார் 17 நானோமீட்டர் உயரத்தில், அதாவது நூறு அணுக்களை அடுக்கிய அளவில், ஏணியின் நுனி ஒளியின் வேகத்தைத் தாண்டிவிட வேண்டும். நடந்து போகிற வேகத்தில் இழுத்த ஏணி இது.

வகையிட்டதில் பிழை இல்லை. எண்களிலும் பிழை இல்லை. பிழை இருக்கும் இடம் கணக்கு தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது: ஏணியின் நுனி கடைசிவரை சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பித்தாகரஸ் சமன்பாட்டை எழுதிய கணத்திலேயே அந்த அனுமானம் உள்ளே நுழைந்துவிட்டது. நுனியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருப்பது எது என்று கணிதம் கேட்கவில்லை. அதைக் கேட்பது இயந்திரவியல்.

சுவரால் ஏணியைத் தள்ள முடியும், இழுக்க முடியாது. இந்தக் கணக்கின் உயிர் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சுவர் தரும் செங்குத்து விசை எப்போதும் வெளிநோக்கியே இருக்கும். குறைந்து குறைந்து பூஜ்ஜியம் ஆகலாம். அதற்குக் கீழே போக வேண்டிய கட்டாயம் வந்தால் ஏணி சுவரை விட்டுவிட்டது என்று பொருள். அந்தக் கணத்துக்குப் பின் பித்தாகரஸ் சமன்பாடு செல்லாது.

எந்தக் கணம் அது? ஏணியின் அடி சக்கரம் வைத்த சிறு வண்டியில் கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். வண்டி சீரான வேகத்தில் போகிறது. அதன்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு நியூட்டனின் விதிகள் தரையில் நிற்பவருக்கு உள்ளபடியே செல்லும். கலிலியோ 1632-ல் ஓடும் கப்பலின் உள்ளறையைக் காட்டி வாதிட்டது இதைத்தான். வண்டியில் இருப்பவர் பார்வையில் அடி அசையவில்லை, ஏணி அந்தக் கீலைச் சுற்றி இறங்குகிறது, அவ்வளவே. ஏணியின் எடை அதன் நடுவில் செயல்பட்டுக் கீழே சுழற்றப் பார்க்கிறது. சுவர் மேல்நுனியில் தள்ளித் தாங்கப் பார்க்கிறது. இரண்டின் வித்தியாசம்தான் ஏணியின் கோண முடுக்கத்தைத் தீர்மானிக்கிறது.

இனி இரண்டு அளவுகளை ஒப்பிட்டால் போதும். நுனி சுவரை ஒட்டியே இறங்க வேண்டுமானால் எவ்வளவு கோண முடுக்கம் தேவை? உயரம் குறையக் குறைய அது உயரத்தின் மூன்றாம் படிக்குத் தலைகீழாக ஏறுகிறது: உயரம் பாதியானால் தேவை எட்டு மடங்குக்கும் மேல். எடையால் மட்டும் எவ்வளவு கோண முடுக்கம் தர முடியும்? அது ஓர் உச்ச வரம்புக்கு மேல் போகவே போகாது. ஆகவே தேவை வரவை மிஞ்சும் ஒரு கணம் வந்தே தீரும். அந்தக் கணத்தில் சுவரின் விசை பூஜ்ஜியம்.

சமன்பாட்டை எழுதித் தீர்த்தால் விடை அழகாக வருகிறது. உயரத்தை ஏணியின் நீளத்தால் வகுத்து, அந்த விகிதத்தின் மூன்றாம் படியை எடுத்தால், அது இழுக்கும் வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் ஏணியின் நீளத்தாலும் வகுத்து வருவதில் மூன்றில் இரண்டு பங்கு. 5 மீட்டர் ஏணிக்கு 147-ல் 2. அதன் மூன்றாம் படிமூலம் சுமார் 0.239. அதாவது 1.19 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஆள் இடுப்புக்குச் சற்று மேலே, ஏணியின் நுனி சுவரை விட்டு விலகிவிடுகிறது. அப்போது அதன் வேகம் வினாடிக்கு 4.1 மீட்டர்தான். அங்கிருந்து கீலைச் சுற்றிச் சுதந்திரமாக விழுந்து, வினாடிக்கு சுமார் 7.3 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. ஒளியின் வேகம் போய், ஒரு தேங்காய் முதல் மாடியிலிருந்து விழும் வேகம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் நல்ல மாணவர் செய்யும் காரியம் ஒன்று உண்டு; எந்தப் பேராசிரியரும் விடைத்தாளில் அதைத்தான் தேடுவார். விடையைச் சோதிப்பது. வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தாலும் நீளத்தாலும் வகுத்தால் மீட்டரும் வினாடியும் அடிபட்டு வெறும் எண் மிஞ்ச வேண்டும், மிஞ்சுகிறது. (கப்பல்களின் சிறு மாதிரிகளை நீரில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூடின் பெயரால் பொறியாளர்கள் அழைக்கும் எண்ணும் இந்த விகிதத்திலிருந்தே பிறக்கிறது.) மிக மெதுவாக இழுத்தால்? விகிதம் பூஜ்ஜியத்தை நெருங்குகிறது, ஏணி ஏறக்குறைய தரைவரை சுவரை ஒட்டியே இறங்குகிறது. நியாயம்தான். வினாடிக்கு 8.6 மீட்டருக்கு மேல் இழுத்தால்? விகிதம் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. ஏணியால் சுவரை ஒரு கணமும் பின்தொடர முடியாது. அதுவும் நியாயம்.

அப்படியானால் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்து 17 மீட்டர் ஏணியின் கதி என்ன? அதே சூத்திரத்தில் 17-ஐயும் 5-ஐயும் போட்டால் விகிதத்தின் மூன்றாம் படி கிட்டத்தட்டச் சரியாகப் பத்தில் ஒன்று. ஏணி சுவரை விடும் உயரம் 7.9 மீட்டர். புத்தகம் கேட்பது 15 மீட்டர் உயரத்தில். அங்கே ஏணி இன்னும் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, 2.67 என்ற விடை செல்லுபடியாகும். ‘அடி 15 மீட்டரில் இருக்கும்போது’ என்று கேட்டிருந்தால் நுனி 8 மீட்டர் உயரத்தில், விலகுவதற்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். ‘16 மீட்டரில்’ என்று கேட்டிருந்தால் புத்தகம் தரும் விடை உண்மையான ஏணிக்குப் பொருந்தியிருக்காது.

கல்லூரியின் இரண்டாவது ஆண்டில் ஏணி மறுபடி வருகிறது. இந்த முறை யாரும் இழுப்பதில்லை. வழவழப்பான சுவர், வழவழப்பான தரை, சீரான ஏணி. நிலையாக வைத்துக் கையை எடுத்ததும் தானாகச் சறுக்குகிறது. சுவரை எப்போது விடும்?

‘வழவழப்பான’, ‘சீரான’, ‘எடையற்ற’, ‘நீளாத’ என்ற இந்த அடைமொழிகள் நிறைந்த உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேம்பிரிட்ஜில் உருப்பெற்றது. அங்கே ட்ரைபோஸ் என்ற கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப் பயிற்சியாளர்களில் எட்வர்ட் ரவுத் தலையாயவர். 1854-ல் அந்தத் தேர்வில் முதலிடம் அவருக்கு; இரண்டாமிடம் பின்னாளில் மின்காந்தவியலை உருவாக்கிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்கு. ரவுத் 1860-ல் வெளியிட்ட திடப்பொருள் இயக்கவியல் நூலில் தேர்வுகளில் கேட்கப்பட்ட கணக்குகள் குவிந்து கிடக்கின்றன. அதே கேம்பிரிட்ஜ் மரபில் வந்த எஸ்.எல். லோனியின் பாடநூல்கள் கடல் கடந்து இந்தியக் கல்லூரிகளுக்கு வந்தன; கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த ராமானுஜன் லோனியின் முக்கோணவியலைத்தான் கரைத்துக் குடித்தார். லோனியின் இயக்கவியல் நூல் இன்றும் இந்தியாவில் மறுபதிப்பாகிறது. உராய்வே இல்லாத சுவர் எங்கும் இல்லை என்று அந்த மரபைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் உராய்வை ஒதுக்கிவைத்ததால்தான் கீழே வரும் விடை கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் ஏணியின் நடுப்புள்ளி எந்தப் பாதையில் போகிறது என்று பார்க்க வேண்டும். யோசிக்காமல் வரையச் சொன்னால் பலர் மூலையை நோக்கி உள்வாங்கிய வளைவை வரைவார்கள். உண்மையில் அது மூலையை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு, வெளியே புடைத்தது. செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் நடுப்புள்ளி மூன்று முனைகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் என்ற ஒன்பதாம் வகுப்பு உண்மையே போதும்.

அடுத்தது ஆற்றல். ஏணி இறங்கும்போது இழந்த நிலையாற்றல் இயக்க ஆற்றலாகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு நடுப்புள்ளி நகர்வதற்கும், ஒரு பங்கு ஏணி தன் நடுவைச் சுற்றிச் சுழல்வதற்கும் போகிறது. மூன்றாவதாக ஒரு நுட்பமான கவனிப்பு, இதில்தான் கணக்கு திறக்கிறது. ஏணிமீது கிடைமட்டமாகச் செயல்படும் விசை சுவர் தருவது ஒன்றுதான். சுவர் தள்ளும்வரை ஏணியின் கிடைமட்ட வேகம் ஏறும். தள்ளுவதை நிறுத்தும் கணத்தில் உச்சத்தை அடையும். ஆக, ‘எப்போது விலகும்?’ என்ற விசைக் கேள்வி, ‘கிடைமட்ட வேகம் எப்போது உச்சம்?’ என்று மாறிவிட்டது.

அந்த வேகத்தின் வர்க்கம், இப்போதைய உயரத்தின் வர்க்கத்தையும், இதுவரை இறங்கிய தூரத்தையும் பெருக்கியதற்கு விகிதசமம். இதன் உச்சத்தைக் காண வகையிடவும் தேவையில்லை. உயரத்தை இரண்டு பாதியாகப் பிரித்தால், அந்தப் பாதிகளும் இறங்கிய தூரமும் ஆக மூன்று எண்கள். மூன்றின் கூட்டுத்தொகை தொடங்கிய உயரம், அது மாறாது. கூட்டுத்தொகை மாறாத மூன்று எண்களின் பெருக்கல் உச்சமாக இருப்பது மூன்றும் சமமாக இருக்கும்போது. எனவே மேல்நுனி, தொடங்கிய உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கும்போது ஏணி சுவரை விடுகிறது.

நீளம் எதுவானாலும் மூன்றில் இரண்டு. கனம் எதுவானாலும் மூன்றில் இரண்டு. நிலவில் வைத்துச் சறுக்கவிட்டாலும் மூன்றில் இரண்டு. 5 மீட்டர் ஏணியைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி வைத்து விட்டால் 3.33 மீட்டர் உயரத்தில் விலகும். அப்போது அதன் நடுப்புள்ளி வினாடிக்கு 2.33 மீட்டர் கிடைமட்ட வேகத்தில் போகும். தரை அந்தக் கணத்தில் ஏணியின் எடையில் கால் பங்கை மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும்.

இயந்திரவியல் படித்தவர்களுக்கு ‘மூன்றில் இரண்டு’ என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தாக வேண்டும். தரையில் கவிழ்த்த வழவழப்பான அரைக்கோளத்தின் உச்சியில் சிறு பொருள் ஒன்றை வைத்து மெல்ல விட்டால், எந்த உயரத்தில் அது பரப்பை விட்டுப் பறக்கும்? ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில். உச்சியிலிருந்து 48.2 டிகிரி சரிந்த இடம் அது. ஒன்று ஏணி, மற்றது கோளம். புத்தகத்தில் இரண்டுக்கும் இடையே பல அத்தியாயங்கள் இருக்கும். ஒரே எண் எப்படி இரண்டிலும் வந்தது?

இப்படிப்பட்ட ஒற்றுமை எளிதில் கண்ணில் படாது. 1981-ல் மிஷலின் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகிய ஆய்வாளர்கள் இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றை அடுக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிக்கும் மாணவர்கள் படத்தைப் பார்த்து அடுக்கினார்கள்: சாய்தளக் கணக்குகள் ஒரு பக்கம், சுருள்வில் கணக்குகள் ஒரு பக்கம். ஆய்வுப் பட்ட நிலையில் இருந்தவர்கள் அடியில் ஓடும் விதியைப் பார்த்து அடுக்கினார்கள்: ஆற்றல் அழியாமை ஒரு பக்கம், நியூட்டனின் இரண்டாம் விதி ஒரு பக்கம். ஏணியும் கோளமும் ஒரே அடுக்கில் விழ வேண்டியவை என்று கண்டுகொள்வதற்குக் கணக்குகளைப் போட்டு முடித்தபின் அவற்றோடு சற்று நேரம் உட்கார வேண்டும். கணக்குத் தீர்ப்பதைப் பற்றி ஜார்ஜ் போல்யா 1945-ல் எழுதிய புகழ்பெற்ற நூலில் நான்காவது, கடைசிப் படி திரும்பிப் பார்ப்பது. மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டிய அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். பெரும் இழப்பு அது.

ஏணியைத் திரும்பிப் பார்த்தால் கிடைப்பது இது. விடையில் ஏணியின் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கு இடமே இல்லை. எடை மையம் நடுவில் இருந்தால் போதும். அப்படியானால் ஏணியின் எடை முழுவதையும் நடுப்புள்ளியில் திரட்டி வைத்துவிடலாமே? மீதி ஏணி எடையற்ற குச்சி. இப்போதும் மேல்நுனி மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில்தான் விலக வேண்டும். ஆனால் நடுப்புள்ளி மூலையை மையமாகக் கொண்ட வட்டத்தில் அல்லவா நகர்கிறது? வழவழப்பான வட்டத்தின்மேல் சறுக்கி இறங்கும் ஒற்றைப் பொருள்! அரைக்கோளக் கணக்கு ஏணிக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. கோளத்தின் பரப்பு அந்தப் பொருளை வெளியே தள்ளியதைப் போல, இங்கே சுவரும் தரையும் சேர்ந்து தள்ளுகின்றன. எடை நடுவில் குவியக் குவிய, விலகும் கணத்தில் தரை தாங்கும் பங்கு கால் பங்கிலிருந்து குறைந்து, முழுதும் குவிந்ததும் பூஜ்ஜியமாகிறது. ஏணி சுவரையும் தரையையும் ஒரே கணத்தில் விட்டுவிடுகிறது, பொருள் கோளத்தைவிட்டுப் பறப்பதைப் போலவே. சீரான ஏணியில் கால் பங்கு ஆற்றல் சுழற்சிக்குப் போவதால் எல்லாம் சற்று மெதுவாக நடக்கிறது. நடக்கும் இடம் மாறவில்லை.

ஒதுக்கிவைத்த உராய்வைத் திரும்பக் கொண்டுவந்தால் இதே ஏணி வீட்டு ஏணியாகிவிடுகிறது. பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு சொல்லும் விதி ‘நான்குக்கு ஒன்று’: நுனி 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அடி 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், சாய்வு சுமார் 75 டிகிரி. 15 கிலோ ஏணியில் 60 கிலோ எடையுள்ளவர் ஏறுகிறார் என்றும், சுவரை வழவழப்பானது என்றும் கொண்டு, அடியைச் சுற்றித் திருப்புத்திறன் சமன்பாட்டை எழுதலாம். அவர் எடை ஏணியின் அடிநுனியிலேயே இறங்குவதாகக் கொண்டால் தரைக்குத் தேவையான உராய்வுக் குணகம் 0.025. அவர் உச்சியை எட்டும்போது 0.225. ஒன்பது மடங்கு. கீழே நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்து ‘ஆடவில்லை, ஏறலாம்’ என்று முடிவெடுப்பவர் சோதித்திருப்பது தேவையில் ஒரு சிறு பங்கை மட்டும். காய்ந்த சிமெண்ட் தரையில் ரப்பர் பாதம் வைத்த ஏணிக்கு 0.225 பெரிய எண் இல்லை. சோப்பு நீர் சிந்திய டைல்ஸ் தரையில் அது கிடைக்காமல் போகலாம். அதே ஏணியின் அடியை 1 மீட்டருக்குப் பதிலாக 2 மீட்டர் தள்ளி வைத்தால் அதே ஆளுக்கு உச்சியில் தேவைப்படுவது ஏறக்குறைய 0.5.